பெரியம்மாவின் ஒரு பிடி

எங்கள் பெரியம்மாவின் ஒரு பிடி அரிசி 46 கிராம். என்னுடையது 34 கிராம். லண்டனில் இருந்து வந்த மச்சாள் தந்துவிட்டுப் போன சின்னத் தராசில், 2010 தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, குசினி வாசலில் பலகை போட்டு இருந்து நிறுத்துப் பார்த்தோம். பெரியம்மாவுக்கு அப்போது 81 வயது. "என்ன பிள்ளை, என்ர கையையே நிறுக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் அரிசியை அள்ளி அள்ளித் தந்தார். ஐந்து தடவை அள்ளினார். ஐந்து தடவையும் 45க்கும் 47க்கும் இடையில்தான் நின்றது.

அதற்கு முன் ஆறு வருடமாக அவர் சொன்ன "நாலு பிடி", "ஒரு சிறங்கை" எல்லாவற்றையும் என் கையால் அள்ளிப் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தேன். அவருடையது போல ஒன்றும் வரவில்லை. நாலு பிடி என்று அவர் சொன்னதை நான் போட்டால், அவருடைய ஒரு பிடி முழுதாகக் குறைந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் போனது. வீட்டுப் பெரியவர்களின் சமையலை எழுதி வைக்க நினைக்கிற யாருக்கும் இந்த ஆறு வருடம் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். அம்மம்மா திருவலையில் இருந்து தேங்காய் துருவும்போது பக்கத்தில் குந்தியிருந்து, விழுகிற தேங்காய்ப்பூவைக் கையேந்தி வாங்கித் தின்றதுதான் எனக்குக் குசினியைப் பற்றி இருக்கிற முதல் நினைவு. பத்து வயதில் அம்மியில் சம்பல் அரைக்க விட்டார்கள். பதின்மூன்று வயதில் முதன்முதலாகத் தனியே இடியப்பம் பிழிந்தேன். கை நோக நோகப் பிழிந்து, நீத்துப்பெட்டிக்குப் பக்கத்தில் தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, அப்பா சாப்பிடும்வரை கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார். அன்றைக்குத் தொடங்கிய ஆசை இன்றுவரை குறையவில்லை. படிக்கும்போதும், வேலைக்குப் போன காலத்திலும், பிள்ளைகள் பிறந்த பிறகும், நாளைக்கு என்ன சமைப்பது என்ற நினைப்போடுதான் படுக்கப் போவேன். அதை ஒரு பாரமாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அம்மாவிடம் ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்ட குறிப்பேடு, இருந்தது. அம்மம்மா சொல்லச் சொல்ல அம்மா எழுதியது. பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், பனங்காய்ப் பணியாரம், பிள்ளைப்பெற்ற வீட்டுச் சரக்குத்தூள், எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாம் அதில் இருந்தன. மட்டையில் எண்ணெய் ஊறி, நடுப்பக்கங்களில் மா ஒட்டி, விரித்தால் பெருஞ்சீரக வாசம் வரும். அது குசினி அலுமாரியின் மேல்தட்டில், உப்புச் சாடிக்குப் பின்னால் இருக்கும்.

1995 ஒக்டோபர் 30 அன்று இரவு, சண்டை நெருங்கி வந்து, எங்கள் பகுதியான வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒவ்வொரு அடியாகத்தான் நகர முடிந்தது. அரிசி, பருப்பு, பால்மா, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் மருந்து இவ்வளவும் எடுத்தோம். கொப்பி யாருடைய நினைவுக்கும் வரவில்லை. மீசாலையில் ஒரு உறவினர் வீட்டு விறாந்தையில் நாலாம் நாள் அடுப்பு மூட்டும்போதுதான் அம்மா திடீரென்று நிமிர்ந்து, "ஐயோ, கொப்பி" என்றார். 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, அலுமாரியும் இல்லை.

அம்மா இருந்தவரை அந்த இழப்பின் முழு அளவும் எனக்குத் தெரியவில்லை. எது வேண்டுமென்றாலும் அம்மாவைக் கேட்கலாம். அவரும் "அதுக்கென்ன, நான் செய்து காட்டுறன்" என்பார். நான் ஒரு நாளாவது பேனையை எடுத்து எழுதியிருக்கலாம், எழுதவில்லை. 2004 இல் அம்மா போய்விட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு, அவர் விரும்பிச் சாப்பிட்டவற்றைச் சமைத்துப் படைக்க வேண்டும். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு நான்தான் வைத்தேன். எத்தனையோ தரம் வைத்த குழம்புதான். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குப் பிள்ளை. ஆனா கொம்மான்ர குழம்பு இப்பிடி இல்லை."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு ஒரு புதுக் கொப்பி வாங்கினேன்.

முதல் செய்த பிழை, தொலைபேசியில் கேட்டு எழுதியது. பெரியம்மாவிடம், சின்னம்மாவிடம், காரைநகரில் இருந்த அப்பாவின் தங்கச்சி மாமியிடம், எல்லாரிடமும் கேட்டேன். எல்லாரும் மனதாரச் சொன்னார்கள். கொப்பி நிறைந்தது. சமைத்தால் ஒன்றும் சரிவரவில்லை. சொன்னவர்கள் ஒளித்துவிட்டார்கள் என்று சிலர் நினைப்பதுண்டு. எங்கள் வீட்டில் அப்படி யாரும் ஒளிக்கவில்லை. சமையல் என்று அவர்கள் எதை நினைக்கிறார்களோ அதைச் சொன்னார்கள். மிச்சமெல்லாம் அவர்களுக்குச் சமையல் இல்லை, பழக்கம்.

பொரிச்ச குழம்பு அப்படித்தான் பிடிபட்டது. பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து நின்ற ஒரு கிழமையில் ஒருநாள், "நீங்களே வையுங்கோ, நான் பார்க்கிறன்" என்று கேட்டு, பக்கத்தில் நின்றேன். சோற்றுக்கு அரிசி களைந்தார். முதல் தண்ணியை வாழைக்கு ஊற்றினார். இரண்டாம் தண்ணியை ஒரு சட்டியில் வடித்து ஓரமாக வைத்தார். பிறகு அந்தத் தண்ணியில்தான் பழப்புளியைக் கரைத்தார். நான் திகைத்துப் போனேன். "இதைச் சொல்லவே இல்லையே பெரியம்மா!" "எதை?" என்று அவர் கேட்டார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. அம்மம்மா வீட்டில் புளி கரைப்பதென்றாலே அரிசி களைந்த தண்ணியில்தான். அதை ஏன் ஒருவர் தனியாகச் சொல்ல வேண்டும்? அந்தத் தண்ணியில் இருக்கிற மாப்பிடிப்புத்தான் குழம்புக்கு அம்மாவின் குழம்பில் இருந்த தடிப்பைக் கொடுத்தது. நல்லெண்ணெயில் பொரித்த கத்தரிக்காயைக் கடைசியில் போட்டு, முதற்பாலை விட்டு, ஒரு கொதிக்கு முன்னால் இறக்கினார். அப்பாவுக்குக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆகவே கேட்டு எழுத வேண்டாம். பக்கத்தில் நின்று பார்த்து எழுதுங்கள். சமையல் தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முன்னமே போய்விட வேண்டும், ஏனென்றால் விஷயம் அரிசி களையும்போதே தொடங்கிவிடுகிறது. சமைக்கிறவரை இடைமறித்துக் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் அவர் கை நின்றுவிடும், பிறகு உங்களுக்காகச் சமைக்கத் தொடங்கிவிடுவார், அது அவருடைய வழக்கமான சமையல் இல்லை. கைத்தொலைபேசியில் படம் எடுப்பதென்றால் முகத்தை விட்டுவிட்டு, தோளுக்குப் பின்னால் நின்று கையைச் சட்டியோடு சேர்த்து எடுங்கள். எங்கள் பெரியம்மாவை முகம் தெரிய எடுத்த படங்கள் பார்க்க ஆசையாக இருக்கும். சமைக்க உதவுவது கை மட்டும் தெரிகிற படங்கள்தான்.

அளவுக்கு நான் செய்வது இது. சமைக்க முன்னர் மிளகாய்த்தூள் போத்தல், உப்புப் போத்தல், மா டப்பா எல்லாவற்றையும் ஒருமுறை நிறுத்து எழுதிவிடுவேன். அவர் தன் பாட்டில் அள்ளிப் போடட்டும். சமையல் முடிந்ததும் திரும்ப நிறுப்பேன். குறைந்தது எவ்வளவோ அவ்வளவு போட்டிருக்கிறார். அவரும் கலையமாட்டார், கணக்கும் பிழைக்காது. அதோடு, பெரியவரின் ஒரு பிடி, ஒரு சிறங்கை, ஒரு சிட்டிகை, அவர் பாவிக்கிற கரண்டி, அவர் வீட்டுச் சுண்டு இவற்றை ஒருநாள் தனியாக நிறுத்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டுச் சுண்டு பழைய பால்பேணி, அதில் அரிசி 240 கிராம் பிடிக்கும், நாலு சுண்டு ஒரு கொத்து. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கொத்தும் சுண்டும் கதையாகத்தான் தெரியும். அந்த முதல் பக்கம் இல்லாமல் அவர்களுக்கு மிச்சப் பக்கங்கள் உதவாது.

தண்ணியையும் எழுதுங்கள். காரைநகர் மாமி வீட்டில் அளந்து எழுதிய உப்பை இங்கே கொக்குவிலில் போட்டுச் சமைத்தால் சப்பென்று இருந்தது. மாமி வீட்டுக் கிணறு உவர், எங்கள் கிணறு நல்ல தண்ணீர். மாமி உப்பைக் குறைத்துத்தான் போடுவார், அதை அவர் உணர்ந்து செய்வதில்லை. பிறகுதான் ஒவ்வொரு குறிப்பின் மேலும் எந்த ஊர், எந்தக் கிணறு, விறகா காஸா, மண்சட்டியா அலுமினியமா என்று எழுதத் தொடங்கினேன்.

இன்னொரு பழக்கம் எனக்கு நிறையப் பயன்பட்டது. சமையல் முடிந்து, தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்பேன்: "இது பிழைச்சா என்ன செய்வியள்?" செய்முறையைக் கேட்டால் சுருக்கமாகச் சொல்கிறவர்கள், பிழைத்ததைக் கேட்டால் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். கூழ் தண்ணியாகப் போனால் என்ன, பயற்றம் உருண்டை உதிர்ந்தால் என்ன, சொதி திரைந்தால் என்ன. மாமியிடம் சொதியைக் கேட்டபோது, "முதற்பால் விட்ட பிறகு கொதிக்க விடாதை, தேசிப்புளியை இறக்கின பிறகு விடு" என்ற இரண்டும் இப்படித்தான் வந்தன. அவர் அதுவரை சொன்ன எந்தச் சொதிக் குறிப்பிலும் அவை இல்லை.

இனித் தூள். யாழ்ப்பாணத்துச் சமையலைப் பற்றி எழுதிவிட்டுத் தூளை எழுதாமல் விட முடியாது. வீட்டுக்கு வீடு தூள் வேறு. ஒரு வீட்டில் சாப்பிட்டால் இது யார் வீட்டு மீன்குழம்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள், தூளை வைத்துத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டு அளவு: செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, மிளகு 200 கிராம், பெருஞ்சீரகம் 200 கிராம், நற்சீரகம் 100 கிராம், வெந்தயம் 50 கிராம், மஞ்சள் 50 கிராம், கறிவேப்பிலை ஐந்தாறு நெட்டு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் சூடு வேறு. மல்லியைக் குறைந்த நெருப்பில், வாசம் குசினியைத் தாண்டி முற்றத்துக்கு வரும்வரை வறுக்க வேண்டும். பெரியம்மா அடுப்பைப் பார்க்கவே மாட்டார், முற்றத்தில் நின்று மூக்கால்தான் பதம் பார்ப்பார். மிளகாய் காம்பு உடைத்து, வெயிலில் காய்ந்து, பிறகு தாச்சியில் மொறுமொறுப்பாக வர வேண்டும், கறுக்கக் கூடாது. வெந்தயத்தைக் கடைசியில் வறுங்கள், சிவந்த உடனே இறக்குங்கள். ஒரு நிமிடம் கூடினால் முழுத் தூளும் கைத்துப்போகும்.

வறுத்த சூட்டோடு மில்லுக்குக் கொண்டுபோக வேண்டாம். நன்றாக ஆறட்டும். ஒருதடவை அவசரத்தில் எனக்கு முன்னால் யாரோ வெறும் மிளகாய் அரைத்த உடனேயே என் சரக்கைக் கொட்டுவித்தேன். அந்தத் தூளில் வைத்த கறியை ஒருவராலும் சாப்பிட முடியவில்லை, மூன்று கிலோவுக்குக் கிட்டத்தட்ட வீணாகிவிட்டது. இப்போது ஒரு சிறங்கை மல்லியை முதலில் போட்டு அரைத்து, அதைத் தனியே எடுத்த பிறகுதான் மிச்சத்தைப் போடச் சொல்வேன். அரைத்து வந்த தூளும் சூடாகத்தான் இருக்கும். கடதாசி விரித்துப் பரவி, முழுதாக ஆறிய பிறகு போத்தலில் அடையுங்கள். இல்லாவிட்டால் போத்தலுக்குள் வியர்த்துக் கட்டிபட்டுவிடும்.

ஒடியற்கூழுக்கு வருகிறேன். ஒடியல் என்பது காய வைத்த பனங்கிழங்கு. இதில்தான் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். பெரியம்மாவின் கூழில் முருங்கையிலை கடைசியில் விழும். காரைநகர் மாமியின் கூழில் முருங்கையிலையே இல்லை, நண்டும் மீன்தலையும்தான். பருத்தித்துறைச் சின்னம்மாவின் கூழில் பலாக்கொட்டை கட்டாயம், இல்லாவிட்டால் அது கூழே இல்லை என்பார். நான் தொடக்கத்தில் மூன்றையும் ஒப்பிட்டு "சரியான" கூழ் எது என்று முடிவெடுக்கப் பார்த்தேன். மூன்றையும் கலந்து ஒரு பொதுக் குறிப்பு எழுதினேன். அதில் வைத்த கூழ் மூன்று பேருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும்தான். அதைக் கிழித்துவிட்டு, இப்போது மூன்று பக்கம் வைத்திருக்கிறேன்: "பெரியம்மா கூழ்", "மாமி கூழ்", "சின்னம்மா கூழ்." எந்தக் குறிப்பையும் ஆளின் பெயர் இல்லாமல் எழுதுவதில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பதையும் தெரிந்தால் எழுதிவிடுவேன்.

பெரியம்மாவின் கூழை மட்டும் இங்கே தருகிறேன். பத்துப் பேருக்கு. ஒடியல் மா 250 கிராம். சமைக்க ஒரு மணித்தியாலம் முன்னதாக நிறையத் தண்ணியில் ஊற விட வேண்டும். மா அடியில் இறங்கிவிடும், மேல் தண்ணியை ஊற்றிவிட்டு வேறு தண்ணி விட வேண்டும், இரண்டு தடவை. ஒடியலின் கைப்பு இப்படித்தான் போகும். பெரிய சட்டியில் நாலரை லீற்றர் தண்ணி கொதித்ததும் அவருடைய ஒரு பிடி புழுங்கலரிசி, அதாவது 46 கிராம். அரிசி பாதி வெந்ததும் பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய். (பலாக்கொட்டை கிடைக்கும் காலத்தில் பெரியம்மாவும் போடுவார், சின்னம்மாவைப் போலப் பிடிவாதம் இல்லை.) அவை வெந்தபிறகு மீன், நண்டு, இறால் எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ. முள் பெரிதாக உள்ள மீனாகப் பார்த்து எடுக்க வேண்டும், சின்ன முள் கூழுக்குள் கலந்து தொண்டையில் நிற்கும். நாங்கள் பாசையூருக்குக் காலையிலேயே போய்விடுவோம். செத்தல் மிளகாய் 18, மிளகு, உள்ளி, மஞ்சள் சேர்த்து அம்மியில் பட்டுப்போல அரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். பழப்புளி ஒரு பெரிய தேசிக்காய் அளவு. அரைத்த கூட்டையும் புளியையும் மாவோடு கரைத்து, நெருப்பைத் தணித்து, மெதுவாக ஊற்றித் துழாவ வேண்டும். இந்த இடத்தில் அகப்பையை விட்டுவிட்டு யாரோடும் கதைக்கப் போகக் கூடாது. உடனே அடிப்பிடிக்கும். கடைசியில் முருங்கையிலை, உப்பு. அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதே என்று தோன்றும்போதே இறக்கிவிட வேண்டும், ஆறும்போது தடிக்கும். பிளாவில் ஊற்றிக் கொடுப்பார். பனையோலை வாசமும் சேர்ந்தால்தான் கூழ் என்பார். ஓலை இல்லாத நாட்களில் சிரட்டையில் குடிப்போம்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வட்ஸ்அப்பில் எடுப்பாள். அவளுக்குக் கரைச்சல் தந்தது பிட்டு. இங்கே எழுதி அனுப்பிய அளவில் அங்கே செய்தால் ஒருநாள் களியாகும், ஒருநாள் மண்ணாகும். இரண்டு பேரும் மூன்று மாதம் மினக்கெட்டோம். மா கடையில் வாங்கினது, எவ்வளவு வறுத்திருக்கிறார்கள் என்று பைக்கு மேல் எழுதியிருக்காது. வறுவல் கூடின மா தண்ணியைக் கூடக் குடிக்கும், குறைந்த மா குறையக் குடிக்கும். ஆகவே பிட்டுக்குத் தண்ணி அளவு எழுதுவதையே விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகப் பதத்தை எழுதினேன்: கொதித்து இறக்கிய தண்ணியைத் தெளித்துத் தெளித்துக் குழைத்து, பேணி விளிம்பால் கொத்தும்போது மா சின்னச் சின்ன மணியாகப் பிரிய வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உறைய வைத்த தேங்காய்ப்பூவை முதலில் வெளியே எடுத்து வைத்து ஈரத்தை ஒற்ற வேண்டும். இதை எழுதிய பிறகு அவளுக்குப் பிட்டு பிழைக்கவில்லை. எதற்குக் கிராம், எதற்குப் பதம் என்று பிரித்துத் தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதி. உப்பு, தூள், புளிக்குக் கிராம் எழுதலாம். மாவுக்கும் பாகுக்கும் பதம்தான்.

பஞ்ச காலத்துச் சமையலையும் விடாமல் எழுதியிருக்கிறேன். தொண்ணூறுகளின் முதற்பாதியில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விலை கொடுத்து வாங்க முடியாது, ஜாம் போத்தலில் திரி போட்ட சின்ன விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சீனிக்குப் பதிலாக ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தோம். கோதுமை மா கிடைக்காத மாதங்களில் அம்மா ஒடியல் மாவிலும் குரக்கன் மாவிலும் பிட்டு அவித்தார். தங்கச்சி, "அந்தக் கஷ்டத்தை ஏன் அக்கா எழுதுறியள்" என்று கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒடியற் பிட்டுக்குள் தேங்காய்ப்பூவைக் கூடப் போட்டு, சூட்டோடு சூடாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஒருவரும் முகம் சுளிக்காமல் சாப்பிட வைத்தது அம்மாவின் கைத்திறமைதான். அரியதரத்துக்குப் பக்கத்தில் அதுவும் இருக்க வேண்டும். பிள்ளைப்பெற்ற வீட்டுச் சரக்கும் அப்படியே. வேர்க்கொம்பு, மிளகு, நற்சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்து வைக்கிற அந்தக் கறியும், தாய்க்குப் பால் சுரக்கும் என்று கொடுக்கிற சுறா வறையும் இப்போது யாரும் அடிக்கடி செய்வதில்லை. தேவை வருகிறபோது கேட்க ஆள் இருக்கமாட்டார்கள்.

கொப்பியைப் பற்றி ஒன்று. நான் முதலில் எல்லாவற்றையும் பென்சிலால்தான் எழுதுவேன். பார்த்து எழுதி ஒரு கிழமை போன பிறகு, யாரையும் கேட்காமல் எழுதியதை மட்டும் வைத்துத் தனியே சமைப்பேன். சமைத்ததை அந்தப் பெரியவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் "ஓம், இதுதான்" என்று மூன்று தரம் சொன்னால்தான் அந்தப் பக்கத்தைப் பேனையால் எழுதுவேன். பெரியம்மாவிடம் மூன்று "ஓம்" வாங்குவது சுலபமில்லை. மீன் பொரியலுக்கே ஒரு வருடம் எடுத்தார். ஒவ்வொரு முறையும், "உள்ளி கொஞ்சம் முந்திப் போட்டிட்டாய்" என்பது போல ஏதோ ஒன்றைச் சொல்லுவார். சொன்னதையும் தேதி போட்டு ஓரத்தில் எழுதிவிடுவேன். இப்போது அந்த ஓரக் குறிப்புகளைத்தான் கூடுதலாக வாசிக்கிறேன்.

பேனையால் எழுதிய பக்கங்கள் நாலு வீடுகளில் இருக்கின்றன. ஒன்று இங்கே, ஒன்று சின்னம்மா வீட்டில், ஒன்று ஸ்காபரோவில், ஒன்று லண்டன் மச்சாளிடம். ஒவ்வொரு தை மாதமும் புதுப் பக்கங்களைப் படம் எடுத்து மூன்று பேருக்கும் அனுப்புகிறேன், அவர்கள் கடதாசியில் எடுத்துக் கோவையில் போடுகிறார்கள். தொலைபேசிக்குள் மட்டும் இருப்பது எனக்கு நிம்மதியாக இல்லை. ஒரு வீட்டில் மட்டும் இருப்பதும்.

பெரியம்மா 2018 இல், 89 வயதில் போனார். அவரிடம் பேனைக்கு வந்த பக்கங்கள் 57.

பென்சிலாகவே நிற்கிற பக்கம் ஒன்று இருக்கிறது. அம்மாவின் வேப்பம்பூ வடகம். தொலைந்த அந்தக் கொப்பியில் இருந்தது, பெரியம்மா அதை ஒருநாளும் செய்ததில்லை, எனக்கும் சாப்பிட்ட நினைவுதான். பழஞ்சோற்றோடு கடித்தால் முதலில் கைத்து, பிறகு உள்ளே இனித்துக்கொண்டு போகும். நாலு வருடமாக முயன்று பார்க்கிறேன். பங்குனி பிறந்து வேம்பு பூத்ததும் அப்பாவின் பழைய வேட்டிகளை மரத்தடியில் விரித்துவிடுவேன். காலையில் விழுந்த பூவைச் சுளகில் இட்டுப் புடைத்து, தும்பு நீக்கி, வெயிலில் காய வைப்பேன். உழுந்தை ஊறப் போட்டு அரைத்து, பூவும் சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் உப்பும் சேர்த்துத் தட்டையாகத் தட்டி, ஐந்து நாள் காய விட வேண்டும். ஒருதடவை மூன்றாம் நாள் மழை வந்து எல்லாம் பூஞ்சணம் பூத்துப்போனது. அதன்பிறகு, வானம் கறுத்தால் சுளகோடு தூக்கி உள்ளே வைக்கக்கூடிய அளவில்தான் போடுகிறேன்.

அம்மாவின் வடகத்தைச் சாப்பிட்டவர்களில் ருசி சொல்லக்கூடியவர் இப்போது சின்னம்மா மட்டும்தான். இந்தச் சித்திரையில் ஒரு சின்னப் பேணியில் போட்டுக்கொண்டு பருத்தித்துறைக்குப் பஸ் ஏறினேன். அவர் தாச்சியில் எண்ணெய் விட்டு, தானே இரண்டைப் பொரித்தார். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கனநேரம் பேசாமல் இருந்தார்.

"கிட்ட வந்திட்டாய் பிள்ளை," என்றார். "ஆனா அக்கான்ர வடகத்தில பூ இன்னும் கூட. உழுந்து ஒட்டுறதுக்கு மட்டும்தான்."

வீட்டுக்கு வந்து, பூ இரண்டு சுண்டுக்கு உழுந்து அரைச் சுண்டு என்று இருந்ததை அழித்து, கால் சுண்டு என்று எழுதினேன். பக்கத்தில் தேதியும் சின்னம்மா சொன்னதும். பென்சிலால்தான். மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். இந்த வருடத்துப் பூ முடிந்துவிட்டது, கிளைகளில் காய் பிடிக்கத் தொடங்கியிருந்தது. வேட்டிகளைக் கழுவி மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.